இது யார் வேலை? டெல்டா நகரவாசிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம், மன்னார்குடி, பட்டுக்கோட்டை. எந்த ஊரில் குடியிருப்போர் சங்கக் கூட்டம் நடந்தாலும் வரும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றைத் திரட்டிப் பதில் எழுதியிருக்கிறோம். போய்ச் சேர வேண்டிய மேசைக்கு மனு போகாததால்தான் பாதிக் குறைகள் கிடப்பில் கிடக்கின்றன என்பது எங்கள் அனுபவம். அதனால் ஒவ்வொரு விஷயத்திலும் அது யார் வேலை என்பதைச் சொல்லிவிட்டே மற்றதுக்குப் போகிறோம்.

எங்கள் ஊர் மாநகராட்சியா, நகராட்சியா என்பதே குழப்பமாக இருக்கிறதே?

கொஞ்ச வருடங்களில் நிறைய மாறிவிட்டதால் வந்த குழப்பம். தஞ்சாவூரும் கும்பகோணமும் 1866இலேயே நகராட்சி ஆன ஊர்கள். தஞ்சாவூர் 2014இலும் கும்பகோணம் 2021இலும் மாநகராட்சி ஆயின. கும்பகோணத்தைத் தரம் உயர்த்தியபோது தாராசுரம் பேரூராட்சியும் அதற்குள் வந்துவிட்டது. இப்போது தஞ்சாவூரில் 51 வார்டு, கும்பகோணத்தில் 48. அதே 2021இல் அதிராம்பட்டினம் பேரூராட்சியிலிருந்து நகராட்சி ஆனது. திருவாரூர், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, கூத்தாநல்லூர், நாகப்பட்டினம், வேதாரண்யம், மயிலாடுதுறை, சீர்காழி, பட்டுக்கோட்டை எல்லாம் நகராட்சிகள்.

மாவட்டம் என்பது வேறு கணக்கு. ஒரே தஞ்சாவூர் மாவட்டமாக இருந்ததிலிருந்து 1991இல் நாகப்பட்டினம் பிரிந்தது, 1997இல் திருவாரூர் வந்தது, 2020 டிசம்பரில் மயிலாடுதுறை தனி மாவட்டம் ஆனது. பழைய பத்திரங்களில் இருக்கும் மாவட்டப் பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மனு எழுதும்போது இன்றைய மாவட்டத்தைப் போடுங்கள், அது போதும்.

பக்கத்து ஊராட்சியை நகரத்தோடு சேர்க்கப் போகிறார்களாம். நமக்கு லாபமா நஷ்டமா?

ஆளைப் பொறுத்தது. மனை வைத்திருப்பவருக்கு விலை ஏறும், தெருவிளக்கும் குப்பை வண்டியும் கொஞ்சம் ஒழுங்காக வரலாம். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் குடும்பத்துக்கு, நூறு நாள் வேலை என்று நாம் சொல்லும் ஊரக வேலை போய்விடும், ஏனென்றால் அது ஊராட்சிப் பகுதிக்கு மட்டும் உரிய திட்டம். வரியும் கட்டணமும் நகர விகிதத்துக்கு மாறும். டெல்டாவில் இணைப்புக்கு எதிராகக் கிராம மக்கள் மறியல் செய்தார்கள் என்று செய்தி வந்தால், பெரும்பாலும் இதுதான் காரணம். அதைப் பிடிவாதம் என்று சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை.

அரசு முதலில் உத்தேச அறிவிப்பு வெளியிட்டு ஆட்சேபணை கேட்கும். அதற்கான கெடுவுக்குள் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வையுங்கள். கெடு முடிந்த பிறகு சாலையில் உட்கார்ந்து பேசுவதைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

கவுன்சிலர், மேயர், ஆணையர். முதலில் யாரிடம் போக வேண்டும்?

விளக்கு எரியவில்லை, குப்பை எடுக்கவில்லை, குழாய் உடைந்திருக்கிறது என்றால் கவுன்சிலருக்கு ஒரு போன் போதும். வேலை செய்யும் ஆட்களை அவருக்குத் தெரியும். பணம் ஒதுக்க வேண்டிய வேலை, அதாவது புதிய சாலை, வடிகால், பூங்கா என்றால் மன்றத்தில் தீர்மானம் வேண்டும். கவுன்சிலர் அதை எழுப்ப வேண்டும், உங்கள் எழுத்து மனு அவர் கையில் இருக்க வேண்டும். வரி, அனுமதி, சான்றிதழ் எல்லாம் அலுவலர்கள் கையெழுத்திடும் விஷயங்கள். அங்கே ஆணையர் பெயருக்கே மனு எழுதுங்கள். பேரூராட்சியில் ஆணையர் கிடையாது, செயல் அலுவலர்.

மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். 2022 பிப்ரவரி 19இல் வாக்குப்பதிவு நடந்து மார்ச் 2இல் பதவியேற்றவர்களின் ஐந்தாண்டுக் காலம் 2027 தொடக்கத்தோடு முடியும் கணக்கு. அந்தத் தேர்தலில் கும்பகோணத்தின் முதல் மேயராக வந்த கே. சரவணன் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவர். வார்டுக்குள் நின்று ஜெயிக்கப் பெரிய பின்புலம் கட்டாயமில்லை என்பதற்காகச் சொல்கிறோம். இடங்களில் பாதி பெண்களுக்கு. பெண் கவுன்சிலர் இருக்கும் வார்டில் கணவரிடம் மனு கொடுக்கும் பழக்கத்தை நாம்தான் முதலில் விட வேண்டும்.

ஒரு மணி நேரம் மழை பெய்தால் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். நகராட்சி ஏன் ஒன்றும் செய்வதில்லை?

டெல்டாவில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், பதிலும் கொஞ்சம் நீளம்.

தெருவோரச் சாக்கடையும் மழைநீர் வடிகாலும் நகராட்சியின் பொறுப்பு. அந்த வடிகால் போய் விழும் வாய்க்காலும் ஆறும் நீர்வளத்துறையின் பொறுப்பு. தஞ்சாவூரில் வடவாறும், 1934இல் மேட்டூர் அணையோடு வந்த கல்லணைக் கால்வாயும், அதாவது நாம் புது ஆறு என்று சொல்வதும், அந்தத் துறையுடையவை. கும்பகோணத்தில் அரசலாறு, திருவாரூரில் ஓடம்போக்கி, மன்னார்குடியில் பாமணி எல்லாமே அப்படித்தான். இரண்டு துறைகளின் பொறுப்பும் சந்திக்கும் இடத்தில்தான் பெரும்பாலும் அடைப்பு இருக்கிறது. வடிகால் சுத்தமாக இருக்கும், அது விழும் வாய்க்காலில் ஆகாயத்தாமரை மண்டியிருக்கும். அல்லது வாய்க்காலைத் தூர் வாரியிருப்பார்கள், வடிகாலின் வாய் மண் மூடிக் கிடக்கும்.

இன்னொன்று, நம் நிலம் தட்டை. தண்ணீர் தானாக ஓடிப் போகத் தேவையான சரிவு மிகக் குறைவு. வடகிழக்குப் பருவமழை கொட்டும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் ஆற்றிலும் பாசனத்துக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். வழக்கமாக ஜூன் 12இல் மேட்டூர் திறந்து ஜனவரி 28இல் மூடுவார்கள் இல்லையா? 2022இல் மே 24க்கே திறந்தார்கள், 2024இல் ஜூலை 28 ஆகிவிட்டது. எப்படியானாலும் ஐப்பசியில் ஆறு நிறைந்திருக்கும். வடிகாலின் வாயைவிட ஆற்று நீர்மட்டம் உயர்ந்துவிட்டால் தெருத் தண்ணீர் வெளியே போகாது, ஆற்றுத் தண்ணீர் உள்ளே வரும். மதகின் ஷட்டரை இறக்கிவிட்டு, மோட்டார் வைத்து இறைத்துத்தான் வெளியேற்ற முடியும்.

ஆக, மனுவில் 'தெருவில் தண்ணீர் நிற்கிறது' என்று மட்டும் எழுதாதீர்கள். தண்ணீர் எந்தப் பக்கம் ஓட வேண்டும், எந்த வாய்க்காலில் விழ வேண்டும், எந்த இடத்தில் நிற்கிறது என்று மழை ஓய்ந்ததும் குடையோடு நடந்து பார்த்து, போட்டோவோடு எழுதுங்கள். ஒரு நகல் ஆணையருக்கு, ஒரு நகல் நீர்வளத்துறை உதவிச் செயற்பொறியாளருக்கு, மூன்றாவது ஆட்சியருக்கு. 'அது எங்களுடையது இல்லை' என்று இருவரும் சொல்ல வழி இருக்காது. இதைப் புரட்டாசிக்குள் செய்ய வேண்டும். ஐப்பசியில் கொடுத்த மனுவுக்குத் தையில்தான் ஆள் வருவார்.

சாக்கடையை வாரினார்கள், சேற்றைக் கரையிலேயே போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். சரியா?

ஈரச்சேற்றை உடனே வண்டியில் ஏற்றினால் வழியெல்லாம் ஒழுகும் என்பதால் ஓரிரு நாள் காயவிடுவது வழக்கம். பிரச்சினை அதற்குப் பிறகு. கறுப்புச் சேறு, அதில் பால் கவர், துணி, தேங்காய் நார், ஒற்றைச் செருப்பு. வெயிலில் மேல்பக்கம் வெடித்து ஓடு போல ஆகும், அடியில் ஈரம் அப்படியே இருக்கும். மாலையில் ஒரு மழை வந்தால் மொத்தமும் திரும்ப உள்ளே. அப்புறம் வாரியதற்கும் கணக்கு, அடைத்ததற்கும் கணக்கு. வாரிய அன்றே தேதி தெரியும்படி ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். மூன்றாம் நாள் சேறு அங்கேயே இருந்தால் சுகாதார ஆய்வாளருக்கு அந்தப் போட்டோவை அனுப்புங்கள். வார்டில் இதற்குப் பலன் இருக்கிறது.

சாலை குண்டும் குழியுமாக இருக்கிறது. யாரைக் கேட்பது?

அது யார் சாலை என்று பாருங்கள். ஊருக்குள் ஓடும் பெரிய சாலைகள் பல நகராட்சியுடையவை அல்ல. விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம், தஞ்சாவூர் வழியாக மானாமதுரை போவது தேசிய நெடுஞ்சாலை 36. தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் வழியாக நாகப்பட்டினம் போவது தேசிய நெடுஞ்சாலை 83. மற்ற பல பிரதானச் சாலைகள் மாநில நெடுஞ்சாலைத் துறையின் கையில். உட்தெருக்கள்தான் நகராட்சிக்கு.

பாதாளச் சாக்கடைக்கோ குடிநீர்க் குழாய்க்கோ தோண்டிய சாலை என்றால், தோண்டிய வேலையின் ஒப்பந்தத்திலேயே மூடிச் சரிசெய்யும் பொறுப்பும் இருக்கும். எனவே 'சாலை போடுங்கள்' என்று கேட்பதைவிட 'தோண்டியதை மூடிக் கொடுங்கள்' என்று கேளுங்கள். புது நிதி தேவையில்லாத கோரிக்கை சீக்கிரம் நகரும்.

குழாயில் தண்ணீர் சரியாக வருவதில்லை. காவிரிக் கரையில் இருந்துகொண்டு இது என்ன கொடுமை?

கொடுமைதான். ஆனால் ஆற்றில் ஓடுவது பாசன நீர், குழாயில் வருவது வேறு வழி. ஆற்று மணலுக்கடியில் ஊறும் நீரை நீர்சேகரிப்புக் கிணறுகள் வழியே எடுத்து, குழாயில் தள்ளி, மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றி விடுகிறார்கள். கொள்ளிடத்தில் எடுத்த தண்ணீர் கடலோரமாக வேதாரண்யம் வரைக்கும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் போகிறது. அங்கெல்லாம் நிலத்தடி நீர் உப்பு, வேறு வழியில்லை. இந்தப் பெரிய குழாய் உடைந்தால் அது குடிநீர் வடிகால் வாரியத்தின் வேலை. தொட்டியிலிருந்து உங்கள் வீடு வரை வரும் குழாய் நகராட்சியின் வேலை. தெரு முழுக்க வரவில்லையா, உங்கள் வீட்டில் மட்டும் வரவில்லையா என்று அக்கம்பக்கம் கேட்டுவிட்டுப் புகார் செய்யுங்கள்.

பக்கத்து வீட்டில் குழாயோடு நேராக மோட்டார் போட்டு உறிஞ்சினால் உங்களுக்கு வராது. அது தவறு, மோட்டாரைப் பறிமுதல் செய்யலாம். ஆனால் புகார் கொடுப்பதற்கு முன் நம் வீட்டில் என்ன செய்திருக்கிறோம் என்பதையும் பார்த்துக்கொள்வது உத்தமம்.

வீட்டு வரி ஏன் இவ்வளவு ஏறியது? எப்போது கட்டினால் சலுகை?

2008க்குப் பிறகு சென்னைக்கு வெளியே சீராய்வு இல்லாமலே இருந்து, 2022இல் ஒரேயடியாக உயர்த்தினார்கள். குடியிருப்புக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம். பதினான்கு வருடம் சும்மா இருந்துவிட்டு மொத்தமாகச் சுமத்தினால் வலிக்கத்தான் செய்யும்.

வரி அரையாண்டுக்கு ஒரு முறை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை ஒன்று. அரையாண்டு தொடங்கி முதல் 30 நாளுக்குள், அதாவது ஏப்ரல் 30க்குள்ளும் அக்டோபர் 30க்குள்ளும் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். இணையத்தில் கட்டலாம், வார்டு வசூல் மையத்தில் கட்டலாம், பில் கலெக்டர் வீட்டுக்கு வந்தால் அவரிடமே கட்டலாம். எங்கே கட்டினாலும் ரசீதில் வரிவிதிப்பு எண்ணைச் சரிபாருங்கள். ஒரே தெருவில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கும் ஊர் இது. பக்கத்து வீட்டுக் கணக்கில் பணம் போய்விட்டால் திருப்புவதற்குள் அடுத்த அரையாண்டு வந்துவிடும்.

அளவு தவறாகப் போட்டிருந்தால் சண்டை வேண்டாம். மறு அளவீடு கேட்டு எழுத்தில் கொடுங்கள். திண்ணை, மாடிப்படி, ஓட்டு வீடா கான்கிரீட்டா, வாடகையா சொந்தக் குடியிருப்பா என்பதெல்லாம் கணக்கில் வரும். பழைய ஓட்டு வீட்டுக்குக் கான்கிரீட் விகிதம் போட்டிருப்பதுதான் நாங்கள் அதிகம் பார்க்கும் பிழை.

அப்பா பெயரில் இருக்கும் வரியை எங்கள் பெயருக்கு மாற்ற என்ன வேண்டும்?

இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், சொத்துப் பத்திரம், கடைசி வரி ரசீது. ஒருவர் பெயருக்கு மட்டும் மாற்றுவதானால் பாகப்பிரிவினையோ, மற்ற வாரிசுகள் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமோ பதிவாகியிருக்க வேண்டும். வாரிசுச் சான்றிதழ் நகராட்சி தருவதில்லை, வட்டாட்சியர் தருவது. இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம்.

வரி ரசீதில் பெயர் மாறிவிட்டால் வீடு தன்னுடையது ஆகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. ரசீது என்பது வரி கட்டியதற்கு ஆதாரம், உரிமைக்கு ஆதாரம் பத்திரமும் பட்டாவும். அண்ணன் தம்பி வழக்குகளில் பாதி இந்த எண்ணத்தில்தான் தொடங்குகின்றன.

கோயில் மனையில் வீடு. கோயிலுக்கு வாடகை கட்டுகிறேன், நகராட்சிக்கும் வரி கட்ட வேண்டுமா?

கட்ட வேண்டும். கும்பகோணம், திருவாரூர், மன்னார்குடி என்று பெரிய கோயில்களைச் சுற்றி வளர்ந்த ஊர்களில் இது சாதாரணம். மனை கோயிலுடையது, கட்டடம் உங்களுடையது. மனைக்கு உரிய வாடகை கோயிலுக்கு, கட்டடத்துக்கு உரிய வரி நகராட்சிக்கு. இடித்துக் கட்டுவதானால் கோயில் நிர்வாகத்தின் தடையில்லாச் சான்று இல்லாமல் வரைபட அனுமதி கிடைக்காது. கோயில் குளமும் இதே கணக்குதான். திருவாரூர் கமலாலயத்தின் படி இடிந்தால் புகார் கோயிலுக்குப் போக வேண்டும்.

குழந்தை பிறந்தது தஞ்சாவூரில், வீடு பாபநாசத்தில். பிறப்புச் சான்றிதழ் எங்கே வாங்குவது?

பிறந்த இடத்தில். வீட்டு முகவரிக்கும் பதிவுக்கும் தொடர்பில்லை. தஞ்சாவூர் மருத்துவமனையில் பிறந்தால் பதிவு தஞ்சாவூரில்தான். நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து பிரசவத்துக்குக் காரைக்கால் போகிறவர்கள் கவனிக்க வேண்டும். அங்கே பிறந்த குழந்தைக்குப் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் காரைக்கால் நகராட்சிதான் சான்றிதழ் தரும். நம் ஊர் இ-சேவை மையத்தில் தேடினால் வராது. கிராமத்தில் வீட்டிலேயே நடந்த பிறப்பு, இறப்பு என்றால் கிராம நிர்வாக அலுவலரிடம்.

21 நாளுக்குள் பதிவு இலவசம். 30 நாள் வரை தாமதக் கட்டணம், அதற்கு மேல் ஒரு வருடம் வரை உரிய அலுவலரின் எழுத்து அனுமதி, வருடம் தாண்டினால் கோட்டாட்சியர் அளவில் உத்தரவு. பெயரில்லாமல் பதிவாகியிருந்தால் 12 மாதம் வரை கட்டணமில்லாமல் பெயர் சேர்க்கலாம், 15 வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். 'பெயர் வைக்கும் விசேஷம் ஆகட்டும்' என்று தள்ளிவைத்து மறந்துபோகிறவர்கள் ரொம்பப் பேர். 2023 அக்டோபர் 1க்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளியில் சேர்ப்பது முதல் பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்கு இந்த ஒரே சான்றிதழ்தான் ஆதாரம். இனிஷியலும் எழுத்தும் பெற்றோரின் ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்று அன்றைக்கே பாருங்கள்.

சின்ன வீடு கட்டுகிறோம். அனுமதிக்கு அலைய வேண்டுமா?

2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறை இருக்கிறது. 2,500 சதுர அடி வரை மனை, 3,500 சதுர அடி வரை கட்டடம், தரைத்தளமும் முதல் தளமும் மட்டும் என்றால் இணையத்தில் விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, உடனே அனுமதி எடுத்துக்கொள்ளலாம். முன்கூட்டியே வந்து பார்க்கும் ஆய்வு கிடையாது. ஆனால் சுயசான்று என்றால் பொறுப்பும் உங்கள் தலையில். விதிமீறிக் கட்டினால் அனுமதியே ரத்தாகும். மனை அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம்.

டெல்டாவில் தனியாக ஒரு சிக்கல் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலையும் தாராசுரம் ஐராவதேஸ்வரர் கோயிலையும் தொல்லியல் துறை பராமரிக்கிறது. அப்படிப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கு அடுத்த 200 மீட்டருக்குள் தனி அனுமதி வேண்டும். மனை வாங்கும்போது தரகர் இதைச் சொல்ல மாட்டார். தாராசுரத்தில் முன்பணம் கொடுத்துவிட்டு இதைத் தெரிந்துகொண்டவர்கள் இருக்கிறார்கள்.

டெல்டாதான் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆயிற்றே, வயலில் மனை போட முடியுமா?

அந்த 2020 சட்டம் தடுப்பது எண்ணெய், எரிவாயு எடுப்பதையும் துத்தநாக, செம்பு உருக்காலை, தோல் பதனிடும் ஆலை போன்றவற்றையும். வீட்டு மனையைப் பற்றி அல்ல. அதற்காக நஞ்சையில் கல் நட்டு விற்கலாம் என்றும் ஆகாது. நிலப் பயன்பாடு மாற்றமும் மனைப்பிரிவு அங்கீகாரமும் வேண்டும். 2016 அக்டோபர் 20க்கு முன் பதிவான அங்கீகாரமில்லாத மனைகளுக்கு வரன்முறைத் திட்டம் வந்தது. அதற்குப் பின் வந்த மனை என்றால் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள். பள்ளமான வயலை மேடாக்கிய மனையில் தண்ணீர் போக வழி எது என்றும் கேளுங்கள், முன்பு அது வடிந்த பாதையிலேயே உங்கள் வீடு நிற்கக்கூடும்.

குப்பையைப் பிரித்துக் கொடுத்தால், வண்டியில் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள்?

சில வார்டுகளில் அப்படித்தான் நடக்கிறது, மறுப்பதற்கில்லை. இருந்தாலும் பிரித்துக் கொடுங்கள். கலந்த குப்பையில் ஊசியும் கண்ணாடியும் கையைக் கிழிப்பது வண்டியோடு வரும் அக்காவுக்குத்தான். நாப்கின், டயப்பரைக் காகிதத்தில் சுற்றித் தனியாகக் கொடுங்கள். கல்யாண மண்டபம், ஓட்டல் போல நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை போடும் இடங்கள் மக்கும் குப்பையைத் தாங்களே கையாள வேண்டும் என்பது விதி. முகூர்த்த நாளில் எச்சில் இலை மலையாகக் குவிந்து மாடு மேய்வதைப் பார்த்தால் மண்டபத்தின் பெயரோடு புகார் கொடுக்கலாம்.

செப்டிக் டேங்க் நிரம்பிவிட்டது.

நகராட்சியில் உரிமம் பெற்ற லாரியை மட்டும் கூப்பிடுங்கள். எங்கே கொண்டுபோய்க் கொட்டப் போகிறார் என்று கேளுங்கள், வாய்க்காலில் விட்டால் அது அடுத்த ஊர்க்காரர் குளிக்கும் தண்ணீர். ஆளை உள்ளே இறக்குவது 2013 சட்டப்படி குற்றம், இறக்கச் சொன்னவருக்கும் தண்டனை உண்டு. 'ஐந்து நிமிஷ வேலை சார்' என்று யார் சொன்னாலும் விடாதீர்கள். விஷவாயுவுக்கு ஐந்து நிமிஷம் தேவைப்படாது.

நாய், மாடு, கொசு?

மூன்றும் நகராட்சியின் சுகாதாரப் பிரிவு. தெருநாய்க்குக் கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுப் பிடித்த இடத்திலேயே விடுவது 2023 விதி. 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களிலிருந்து பிடித்த நாய்களைத் திரும்ப அங்கேயே விடக் கூடாது என்று சொன்னது. கடித்தால் முதல் வேலை, சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவுவது. அடுத்தது அரசு மருத்துவமனை, ஊசி இலவசம். சாலையில் திரியும் மாட்டைப் பிடித்துப் பட்டியில் அடைத்து அபராதம் போடுவார்கள். பால் கறக்கும் நேரத்துக்கு மட்டும் மாட்டைத் தேடும் உரிமையாளர்களுக்கு அபராதம் ஒன்றுதான் புரிகிறது. டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், சாக்கடைக்கு மருந்தடித்தால் மட்டும் போகாது.

தண்ணீர் நிறுத்தம், முகாம், வரிக் கெடு. இதெல்லாம் எங்களுக்கு ஏன் கடைசியில்தான் தெரிகிறது?

முன்பு தண்டோரா போடுவார்கள். ஒரு சமூகத்தாரை மட்டும் அந்த வேலைக்கு வைத்திருந்த இழிவு அதில் இருந்தது. 2022இல் அதை அரசு தடை செய்தது நல்ல காரியம். இப்போது ஆட்டோவில் மைக் கட்டி ஓட்டுகிறார்கள். அது நம் தெருவைக் கடக்கும்போது மிக்ஸி ஓடிக்கொண்டிருக்கும். நாளிதழின் உள்ளூர்ப் பக்கம், நகராட்சி அறிவிப்புப் பலகை, வார்டு வாட்ஸ்அப் குழு என்று மூன்றையும் பார்க்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் செய்தியில் தேதியும் அலுவலர் பதவியும் இல்லாவிட்டால் நம்பாதீர்கள். போன வருடத்து 'நாளை விடுமுறை' செய்தி ஒவ்வொரு கார்த்திகையிலும் சுற்றி வருகிறது.

கிராமசபை மாதிரி நகரத்தில் ஏதாவது உண்டா?

உண்டு, பகுதி சபை. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று தமிழகம் முழுக்க முதல் முறையாக நடந்தது. வார்டைப் பகுதிகளாகப் பிரித்து அந்தந்தப் பகுதி வாக்காளர்கள் கூடுவது. கவுன்சிலர் தலைமையில் வார்டு குழு. ஆட்கள் வராமல் பத்து நாற்காலியோடு முடிந்த கூட்டங்கள் நிறைய. ஆனால் அங்கே சொன்னது பதிவேட்டில் ஏறும் என்பதால் மற்ற எல்லா இடத்தையும்விட அங்கே பேசுவது லாபம். அடுத்த கூட்டம் எப்போது என்று கவுன்சிலரைக் கேட்டுக்கொண்டே இருங்கள், கேட்காத வார்டில் நடக்காது.

மனு கொடுத்து மாதக்கணக்காகிறது, பதிலே இல்லை.

படிப்படியாகப் போங்கள். முதல்வரின் உதவி எண் 1100இல் பதிவு செய்தால் ஒரு எண் கிடைக்கும். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் கூட்டம், அங்கே கொடுக்கும் மனுவுக்கும் எண் உண்டு. அதற்கும் அசையாவிட்டால் தகவல் உரிமைச் சட்டம். வெள்ளைத்தாளில் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதி, பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதுவும் பயனில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

கேள்வி கேட்கும் விதம் முக்கியம். 'ஏன் செய்யவில்லை' என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியதில்லை. 'இந்தத் தேதியில் கொடுத்த என் மனு இன்று எந்த அலுவலரிடம் இருக்கிறது, அதன் மேல் எழுதிய குறிப்பின் நகல் தருக' என்று கேளுங்கள். மேசையில் தூங்கும் கோப்பு பெரும்பாலும் இந்த வரியில் எழுந்துவிடும்.

காரைக்காலில் கவுன்சிலர் யார்?

யாரும் இல்லை. காரைக்கால் இருக்கும் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் கடைசியாக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006இல், அதற்கு முந்தையது 1968இல். 2011இல் அந்தக் காலம் முடிந்த பிறகு அதிகாரிகள்தான் நடத்துகிறார்கள். காரைக்கால் வாசிகள் நேரடியாக நகராட்சி ஆணையருக்கோ சட்டமன்ற உறுப்பினருக்கோதான் எழுத வேண்டும். நம் கவுன்சிலரைத் திட்டுவதற்காவது நமக்கு ஒரு ஆள் இருக்கிறார்.

தஞ்சாவூரில் ஸ்மார்ட் சிட்டி வேலை இன்னும் நடக்குமா?

தஞ்சாவூர் 2016இல் தேர்வானது. ஒன்றிய அரசின் அந்தத் திட்டம் 2025 மார்ச் 31உடன் முடிந்துவிட்டது. கட்டிய பேருந்து நிலையமும் சீரமைத்த குளங்களும் இனி மாநகராட்சியின் பராமரிப்பு. விளக்கு எரியவில்லை, கழிப்பறை பூட்டியிருக்கிறது என்றால் மாநகராட்சியிடமே கேளுங்கள்.

2028 மகாமகத்துக்கு எங்கள் தெருவில் ஏதாவது நடக்குமா?

கும்பகோணத்தில் போன மகாமகம் 2016இல், அடுத்தது 2028இல். சாலை, வடிகால், பேருந்து நிலையம் என்று பணம் வருவது அப்போதுதான். வேலைப் பட்டியல் முன்கூட்டியே தயாராகும், அதில் பெயர் இல்லாத தெருவுக்கு இன்னும் பன்னிரண்டு வருடம் என்பதுதான் நடைமுறை. வேண்டியதைப் பகுதி சபையிலும் மன்றத்திலும் இப்போதே ஏற்றுங்கள். 1992இல் நெரிசலில் உயிர்கள் போனதை மறக்காதவர்கள் ஊரில் இருக்கிறார்கள். குளத்தைச் சுற்றியிருக்கும் சந்துகளில் ஆக்கிரமிப்பை அகற்றக் கேட்கும் மனுவும் அந்தப் பட்டியலில் இருக்கட்டும்.

புயல் வந்தால் யாருக்குப் போன் செய்வது?

மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலம் 1070, ஆம்புலன்ஸ் 108. மின்கம்பி அறுந்து கிடந்தால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987. மரம் விழுந்தது நகராட்சிக்கு, அதில் மின்கம்பி சிக்கியிருந்தால் முதலில் மின்வாரியம். இந்த வரிசை மாறக் கூடாது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது, காற்று நின்ற பிறகுதான் பெரிய கஷ்டமே வந்தது. மின்சாரம் இல்லை, மின்சாரம் இல்லாததால் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை. ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய்த் தண்ணீர் ஏற்றினார்கள். புயல் எச்சரிக்கை வந்த அன்றே குடத்தையும் சின்டெக்ஸையும் நிரப்பிவிடுங்கள், போனை முழுச் சார்ஜில் வையுங்கள். உங்கள் வார்டில் நிவாரண முகாம் எந்தப் பள்ளியில், அதன் சாவி யாரிடம் என்பதைப் புரட்டாசியிலேயே கவுன்சிலரிடம் கேட்டு எழுதி வையுங்கள்.